ஆட்டோகிராஸ், ட்ராக் ரெண்டுக்கும் ஒரே எம்எக்ஸ்-5: எதை முதலில் மாத்தறது?

நீலஎன்பி:
வணக்கம் நண்பர்களே. என்கிட்ட இருக்கறது மஸ்டா எம்எக்ஸ்-5, இரண்டாம் தலைமுறை, 1.8 எஞ்சின், அஞ்சு கியர், கம்பெனியிலேயே டார்சன் டிஃப் (ரெண்டு பின் சக்கரத்துக்கும் முறுக்கைப் பங்கு போடற டிஃபரென்ஷியல்) போட்டு வந்த வண்டி. கம்ப்ரஷன் நாலு சிலிண்டர்லயும் நல்லா இருக்கு, துரு கிடையாது. இதுவரைக்கும் ஆட்டோகிராஸ்ல, கோன் (பிளாஸ்டிக் கூம்பு) வச்சுப் போட்ட பாதை நடுவுல மட்டும் ஓட்டிட்டு இருந்தேன். இனிமே ட்ராக் நாட்களுக்கும் போகணும், அப்புறம் டைம் அட்டாக்ல (ட்ராக்ல ஒரு சுத்தோட நேரத்தை வச்சு நடக்கற போட்டி) பேர் கொடுக்கணும். ட்ரெய்லர் இல்ல. வண்டியை ஓட்டிட்டுப் போய், ஓட்டி முடிச்சு, அதுலயே வீடு திரும்பணும்.

வண்டியில ரெண்டு தொந்தரவு. வளைவு நடுவுல முன்பக்கம் தள்ளுது. வெளிய வரும்போது ஆக்சிலரேட்டர் மிதிச்சா உள்பக்கப் பின் டயர் சும்மா சுத்துது.

நினைச்சு வச்சிருக்கற பட்டியல்: காயிலோவர் (உயரம் திருத்தற ஸ்ப்ரிங்-ஷாக் செட்), முன்னும் பின்னும் பெரிய ஆன்டி ரோல் பார் (வளைவுல வண்டி சாயறதைக் குறைக்கற கம்பி), 15x9 (விட்டம் x அகலம், இன்ச்ல) ரிம்ல 225 டயர், ஹெடர் (எஞ்சின் புகை வெளியேறற குழாய்), இன்டேக் (எஞ்சினுக்குக் காத்து போற வழி), பக்கெட் சீட், நாலு முனை ஹார்னெஸ் (தோளையும் இடுப்பையும் கட்டற பந்தய பெல்ட்). எந்த வரிசையில போகலாம்?

ரெண்டாம்கியர்:
ப்ரோ, பட்டியலுக்கு முன்னாடி விதிப் புத்தகம். உங்க ஆட்டோகிராஸ் எந்த விதியில நடக்குது? எஸ்சிசிஏ சோலோ (அமெரிக்க கார் கிளப்போட ஆட்டோகிராஸ் விதி) மாதிரின்னா ஸ்ட்ரீட் பிரிவுல ரிம் அகலம் கம்பெனி அளவுதான், ஸ்ப்ரிங் கம்பெனி ஸ்ப்ரிங்தான், ஆன்டி ரோல் பார் முன்னாடியோ பின்னாடியோ ஒண்ணு மட்டும் மாத்தலாம். ஷாக், பிரேக் பேட், 200க்குக் குறையாத ட்ரெட்வேர் (டயரோட தேய்மான எண், குறைஞ்சா சீக்கிரம் தேயும், அதிகம் ஒட்டும்) டயர் எல்லாம் உங்க விருப்பம். நீங்க 15x9 ரிம்மை மாட்டின நிமிஷமே அந்தப் பிரிவை விட்டு வெளிய வந்துட்டீங்க. அடுத்து ஸ்ட்ரீட் டூரிங், இன்னும் கொஞ்சம் மாற்றங்களுக்கு இடம் தர்ற பிரிவு. அங்கேயும் வகுப்புக்கு வகுப்பு ரிம் அகலத்துக்கு உச்சவரம்பு இருக்கு.

ஒரு ஹெடருக்காக மேல் வகுப்புக்குப் போய், அங்க எல்லாத்தையும் மாத்தின வண்டிகளோட மோதறவங்களை நிறையப் பாத்துட்டேன். அந்த ஒரு பாகம் தர்ற நேரத்தை விட வகுப்பு மாறினதுல இழக்கற நேரம் பல மடங்கு. டைம் அட்டாக் விதியையும் பக்கத்துல வச்சுப் படிங்க. ரெண்டுலயும் செல்லுபடியாகற மாற்றங்கள் எதுன்னு முதல்ல குறிச்சுக்கோங்க.

பின்சக்கரம்:
ரெண்டாம்கியர் சொல்றதுதான் தொடக்கம். அடுத்து ஒரு கேள்வி. முன்பக்கம் தள்ளுதுன்னு சொல்றீங்களே, இப்ப கேம்பர் (சக்கரம் செங்குத்திலிருந்து சாயற கோணம், மேல்பக்கம் உள்ளே சாஞ்சா மைனஸ்) எவ்வளவு? டயர் சூட்டை எப்பவாவது அளந்திருக்கீங்களா? டயர் முகத்துல உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு, மூணு இடத்துலயும் ஊசி வச்ச பைரோமீட்டரால அளக்கணும். மேலாப்புல காட்டற அகச்சிவப்பு துப்பாக்கி வேண்டாம், டயர் மேல்தோல் ஓட்டம் நின்ன சில நொடியிலேயே ஆறிடும். அந்த எண்கள் வராம பாகம் வாங்கச் சொல்ல எனக்கு மனசு வரல.

கோன்வாசல்:
நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன். கம்பெனி வண்டியிலேயே இன்னும் கொஞ்ச காலம் ஓட்டுங்க. ஒட்டற டயர் போட்டா தப்பெல்லாம் மறைஞ்சிடும். சாதாரண டயர்ல வண்டி நழுவறதை உடம்பு உணரும், திருத்தக் கத்துக்கும். அப்புறம் பாகம் வாங்கலாம்.

பின்சக்கரம்:
ஓட்டத் தெரியாதவருக்கு அது சரியான அறிவுரை. ஆனா சாதாரண டயருக்கு ட்ராக்ல ஒரு கஷ்டம் இருக்கு. ரப்பர் சூடு தாங்காம கொஞ்ச நேரத்துல வழுவழுன்னு ஆயிடும், தோள்பட்டைப் பகுதி துண்டு துண்டாப் பிய்யும். அந்த நிலையில டயர் கொடுக்கற சேதியே பொய்யா இருக்கும், அதுலேர்ந்து கத்துக்கறதும் தப்பாப் போகும். 200 ட்ரெட்வேர் டயர் ட்ராக்குக்குக் குறைந்தபட்சத் தேவைன்னு நான் நினைக்கறேன்.

இன்னொண்ணு. ட்ரெட்வேர் எண்ணை டயர் கம்பெனியே போட்டுக்குது. 200ன்னு எழுதின ரெண்டு டயர் ஒரே மாதிரி இருக்கணும்னு இல்ல. சிலது முதல் வளைவுலயே பிடிக்கும், கொஞ்சம் சூடேறினதும் தளரும். சிலது சூடேறினாத்தான் வேலை செய்யும். முதல் வகை ஆட்டோகிராஸுக்கு, ரெண்டாவது ட்ராக்குக்கு. ரெண்டுக்கும் ஒரே செட்தான்னா, சூட்டைத் தாங்கற வகையை எடுங்க. கோன் நடுவுல முதல் ரன் மட்டும் கொஞ்சம் மந்தமா இருக்கும். ட்ராக்ல டயர் கைவிட்டா விளைவு வேற.

நீலஎன்பி:
அண்ணா, அளந்துட்டேன். எங்க போட்டி எஸ்சிசிஏ சோலோ விதிப்படிதான் நடக்குது. டைம் அட்டாக்குக்கும் ஒத்துப்போற மாதிரி ஸ்ட்ரீட் டூரிங்னு முடிவு பண்ணிட்டேன்.

கேம்பர் முன்னாடி மைனஸ் 0.8, பின்னாடி மைனஸ் 1.3. வலது வளைவு அதிகமா இருந்த களம். ரன் முடிஞ்ச உடனே முன் இடது டயர்: உள்ளே 58, நடுவுல 61, வெளியே 79 டிகிரி. பின் இடது: 60, 62, 68. முன் டயர்ல வெளித் தோள் முக்கோணக் குறியைத் தாண்டித் தேஞ்சிருக்கு, உள்பக்கம் புதுசு மாதிரியே இருக்கு.

பின்சக்கரம்:
பாதி பதில் அந்த எண்கள்லயே இருக்கு. முன் டயருக்கு வெளிவிளிம்புக்கும் உள்விளிம்புக்கும் 21 டிகிரி வித்தியாசம். வண்டி சாயும்போது டயர் வெளி ஓரத்துல மட்டும் நிக்குது, மிச்ச அகலம் வேலையே செய்யல. இந்த நிலைமையில 225 போட்டாலும் அதே கதைதான், அகலமான டயரோட ஒரு ஓரம். இந்த வண்டியில நாலு மூலையிலும் கீழ்க் கைகள்ல எக்சென்ட்ரிக் போல்ட் (திருப்பினா கை நகர்ற போல்ட்) இருக்கு. முன்னாடி கேம்பரும் காஸ்டரும் (ஸ்டியரிங் அச்சோட முன்பின் சாய்வு), பின்னாடி கேம்பரும் டோவும் (மேலேயிருந்து பாத்தா சக்கரத்தோட முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கற அளவு) அதுலயே திருத்தலாம். உயரத்தைக் கொஞ்சம் குறைச்சா இன்னும் கேம்பர் கிடைக்கும். முன்னாடி மைனஸ் 2.5க்குக் குறையாம, பின்னாடி மைனஸ் 2 பக்கம் போங்க. கேம்பரை மாத்தினா டோ மாறிடும், அதனால கேம்பர் முதல்ல, டோ கடைசியில. அளக்கும்போது சீட்ல உங்க எடை இருக்கணும்.

உயரம் குறைக்கறதுல பேராசை வேண்டாம். ஷாக்கோட ஓட்டத்தையெல்லாம் தின்னுட்டு பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுசா அமுங்காமத் தடுக்கற ரப்பர்) மேல உக்காந்த வண்டி அழகா இருக்கும், வளைவு நடுவுல ஒரு சின்ன மேடு வந்தா பிடி விட்டுப் போகும். இந்த வண்டிக்கு மத்த எல்லாத்தையும் விட அது பெரிய வியாதி.

காயிலோவர்ல பணத்தை ஷாக்குக்குக் கொடுங்க, நிறத்துக்கும் திருகு எண்ணிக்கைக்கும் கொடுக்காதீங்க. ஸ்ப்ரிங்குக்கு ஒரு அடையாளமா சொல்றேன்: ஸ்பெக் மியாட்டா (எம்எக்ஸ்-5க்கு அமெரிக்கால மியாட்டான்னு பேர், அதுக்கு மட்டுமான பந்தய வகுப்பு) பந்தய வண்டியில முன் 700, பின் 325 பவுண்டு/இன்ச். அது பந்தயத்துக்கு மட்டுமான வண்டி. வீட்டுக்கும் ஓட்டப் போற உங்களுக்கு அதை விட மென்மையா வேணும், ஆனா முன்னாடி ரொம்ப கெட்டி, பின்னாடி இளசுங்கற அந்த ஏற்பாட்டை கவனிங்க. ஆன்டி ரோல் பாருக்கும் அதே கணக்குதான். முன் பாரை மட்டும் பெருசாக்குங்க, பின்னாடி கம்பெனி பாரே போதும்.

கோன்வாசல்:
இங்கதான் எனக்கு இடிக்குது. முன்பக்கம் தள்ளற வண்டிக்கு முன் பாரைப் பெருசாக்கினா இன்னும் தள்ளுமே. எல்லாரும் சொல்ற பாடம் அதுக்கு நேர்மாறாச்சே.

பின்சக்கரம்:
பாடம் தப்பில்ல, ஆனா முழுசா இல்ல. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாக்கலாம்.

ஓட்டறவரோட 1100 கிலோ, ஒரு ஜி பக்கவாட்டு விசை, எடை மையம் தரையிலிருந்து 45 செ.மீ., ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல 1.42 மீட்டர்னு வச்சுக்கோங்க. உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு சுமார் 350 கிலோ மாறும். எந்த பாரைப் போட்டாலும் இந்த 350 குறையாது. முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னு பங்கு பிரிக்கறது மட்டும்தான் பாரோட வேலை.

பாதிப் பாதியா பிரிஞ்சா பின்னாடி 175 மாறும். நேரா நிக்கும்போது 275 கிலோ சுமந்த உள்பக்கப் பின் டயர்ல 100 கிலோதான் மிச்சம். முன்பக்கம் 60 சதவீதம் எடுத்துக்கிட்டா பின்னாடி 140தான் மாறும், உள் டயர்ல 135 நிக்கும். இப்ப டார்சனைப் பாருங்க. அது லேசான சக்கரம் தாங்கற முறுக்கோட குறிப்பிட்ட மடங்கைத்தான் கனமான சக்கரத்துக்குக் கொடுக்கும். அந்த மடங்கு 2.5ன்னு வச்சா, உள்ளே 100க்கு வெளியே 250, மொத்தம் 350. உள்ளே 135 ஆனா வெளியே 337, மொத்தம் 472. அதே டிஃப், அதே எஞ்சின், வெளிய வரும்போது தள்ளற பலம் மூணுல ஒரு பங்குக்கு மேல கூடுது. உள் சக்கரம் தரையை விட்டே எழும்பிட்டா டார்சன் கையை விரிச்சிடும், மடங்கு போட பூஜ்யம்தானே இருக்கு.

முன்பக்கத் தள்ளல் விஷயம்: உங்க வண்டி தள்ளறதுக்குக் காரணம் முன் டயர் சாஞ்சு ஓரத்துல நிக்கறது. பெரிய முன் பார் சாய்வைக் குறைக்குது, டயர் முகம் தரையில உக்காருது. அதுல கிடைக்கற பிடி, பங்கு கூடினதால போற பிடியை ஈடு கட்டும். கேம்பர் ஏற்கெனவே சரியா இருக்கற வண்டியில முன் பாரைப் பெருசாக்கினா நீங்க சொல்ற மாதிரி தள்ளத்தான் செய்யும். அதனால கேம்பரோட சேத்து இதைச் செய்யணும், தனியா இல்ல.

கோன்வாசல்:
இப்ப விளங்குது. உள் டயர் சுத்தறதையும் முன்பக்கம் தள்ளறதையும் ரெண்டு தனி வியாதியா நினைச்சுக்கிட்டு இருந்தேன். பின் பாரைப் பெருசாக்கியிருந்தா முதல் தொந்தரவு மோசமாகியிருக்கும்.

வெப்பமானி:
இதுவரை பேசியதெல்லாம் பிடியைப் பற்றி. ட்ராக் என்று வந்தால் நான் முதலில் பார்ப்பது சூடு. ஆட்டோகிராஸில் ஒரு ரன் ஒரு நிமிடம், பிறகு நீண்ட ஓய்வு. ட்ராக்கில் 20 நிமிடம் தொடர்ச்சியாக ஓடும்.

1100 கிலோ வண்டியை 80லிருந்து 40 கி.மீ. வேகத்துக்குக் குறைக்க பிரேக் விழுங்கும் ஆற்றல் சுமார் 0.2 மெகாஜூல். 180லிருந்து 80க்கு என்றால் 1.1 மெகாஜூல். ஐந்து மடங்குக்கு மேல். அதையும் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மூன்று இடங்களில் செய்வீர்கள். ரோட்டர் (பிரேக் தட்டு) ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

எனவே காயிலோவருக்கு முன்பே பிரேக் திரவத்தை மாற்றுங்கள். டாட் 4 தரத்தில் புதுத் திரவத்தின் கொதிநிலை குறைந்தபட்சம் 230 டிகிரி. ஈரம் ஏறியபின் 155 டிகிரி வரை இறங்கலாம். பந்தயத்துக்கென்று வரும் திரவங்களில் 300ஐத் தாண்டுபவை கிடைக்கும், ஆனால் அவற்றை அடிக்கடி மாற்ற வேண்டும். சிலிகான் அடிப்படையிலான டாட் 5 இந்த வேலைக்கு வேண்டாம், மற்றவற்றோடு கலக்கவும் கூடாது.

பெடலின் மொழியைத் தெரிந்துகொள்ளுங்கள். மிதித்தால் பஞ்சு போல உள்ளே போனால் திரவம் கொதித்து ஆவி சேர்ந்திருக்கிறது. பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்க மறுத்தால் பேட் தன் சூட்டு எல்லையைத் தாண்டிவிட்டது. இரண்டுக்கும் மருந்து வேறு. எதுவாக இருந்தாலும் அந்தச் சுற்றிலேயே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை லேசாகப் பயன்படுத்தி ஒரு சுற்று ஆறவிட்டு உள்ளே வாருங்கள். நிறுத்தியபின் கைப் பிரேக் போடாதீர்கள், கியரில் விடுங்கள்.

பேட் விஷயத்தில் ஆட்டோகிராஸுக்கும் ட்ராக்குக்கும் ஒரே பதில் கிடையாது. ட்ராக் பேட் குளிராக இருக்கும்போது கடிக்காது, முதல் கோனிலேயே ஏமாற்றும். தெருவில் கத்தும், ரோட்டரையும் தேய்க்கும். முன் பேட் மாற்றுவது சிறிய வேலைதான். இரண்டு செட் வைத்துக்கொண்டு இடத்துக்கேற்ப மாற்றுவதே நல்லது. புது பேட்டை முறையாகப் பதப்படுத்தாமல் களத்தில் இறங்க வேண்டாம்.

இந்த எஞ்சினுக்கென்று ஒரு குறையும் உண்டு. குறுக்குவாட்டில் பொருத்த உருவாக்கிய எஞ்சின் குடும்பம் இது. எம்எக்ஸ்-5இல் நீளவாக்கில் வைத்தபோது குளிர்நீர் வெளியேறும் வாயைத் தலையின் முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். நீர் முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியேறுவதால் பின்கோடியில் இருக்கும் நான்காம் சிலிண்டருக்குப் போதிய ஓட்டம் கிடைப்பதில்லை. மானியில் சாதாரணமாகத் தெரியும், பின்னால் சூடு கூடியிருக்கும். நீர் வெளியேறும் வழியைத் தலையின் பின்பக்கத்துக்கு மாற்றும் வேலையைத்தான் ட்ராக் ஓட்டுபவர்கள் பலர் செய்கிறார்கள். அதற்கு முன் நல்ல ரேடியேட்டர், அதைச் சுற்றி காற்று கசியாத அடைப்பு, அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு ஆகியவற்றைச் சரிபாருங்கள். எடை குறையும் என்று அந்தத் தட்டைக் கழற்றிப் போடுபவர்கள் இருக்கிறார்கள். காற்றை ரேடியேட்டர் வழியாகப் போக வைப்பதே அதுதான். தொழிற்சாலை வெப்பமானியின் முள் நடுவில் அசையாமல் நிற்கும்படி அமைக்கப்பட்டது, அதை நம்பாதீர்கள். எண் காட்டும் மானி ஒன்று நீருக்கு, ஒன்று எண்ணெய்க்கு.

முன் ஹப்பையும் விட்டுவிடாதீர்கள். ஒட்டும் டயர் தரும் பக்கவாட்டு விசை முன் பேரிங்கைத் தின்னும். ஒவ்வொரு ட்ராக் நாளுக்கு முன்பும் முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

நீலஎன்பி:
இவ்வளவு விரிவா எழுதினதுக்கு நன்றி சார். பேட் ரெண்டு செட், திரவம், மானிகள், இதெல்லாம் பட்டியலுக்கு மேல ஏத்திட்டேன். ஹெடரும் இன்டேக்கும் கடைசிக்குப் போயிடுச்சு. பக்கெட் சீட், நாலு முனை ஹார்னெஸ் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையே?

பேடாக்:
அதுக்காகத்தான் எழுதறேன். நாலு முனை ஹார்னெஸை இந்த வண்டியில தனியாப் போடாதீங்க. தயவுசெஞ்சு போடாதீங்க.

மூணு முனை பெல்ட்ல வண்டி உருண்டா உடம்பு பக்கவாட்டுல சாய வழி இருக்கு. ஹார்னெஸ் உங்களை நிமிர்த்திக் கட்டிப் போட்டுடும். திறந்த கூரை வண்டியில மேல தாங்க ஒண்ணுமில்லன்னா முதல்ல தரையைத் தொடறது தலை. அதனால ரோல் பார் (வண்டி கவிழ்ந்தா தலையைக் காக்கற இரும்பு வளைவு, ஆன்டி ரோல் பார் வேற) முதல்ல, அப்புறம்தான் ஹார்னெஸ். நாலு முனையில கால் நடுவுல வர்ற பட்டை இல்ல. முன்மோதல்ல இடுப்புப் பட்டை வயித்துக்கு ஏறி உடம்பு கீழ வழுக்கிப் போகும். ஆறு முனை போடுங்க, அதோட கழுத்தைத் தாங்கற ஹான்ஸ் கருவி கட்டாயம். உடம்பைக் கட்டிட்டு தலையை மட்டும் விட்டா எல்லா விசையும் கழுத்துக்குத்தான்.

ரோல் பார் போட்டதும் ஒரு நீளக் கம்பை பாரோட உச்சியிலிருந்து முன் கண்ணாடிச் சட்டம் வரைக்கும் வச்சுப் பாருங்க. ஹெல்மெட் போட்டு உக்காந்தா தலை அந்தக் கோட்டுக்கு நல்லாக் கீழ இருக்கணும். பல ஏற்பாட்டாளர்கள் நுழைவுல இதைத்தான் சோதிப்பாங்க. உயரமானவங்களுக்கு இந்த வண்டியில கம்பெனி சீட்ல அது வராது. பக்கெட் சீட்டோட உண்மையான பயன் இங்கதான், உங்களைக் கீழ இறக்கும். எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) 8855-1999 தரச் சீட்டுக்கு தயாரிச்ச தேதியிலிருந்து அஞ்சு வருஷம்தான் செல்லுபடி, பழசு வாங்கறதா இருந்தா அந்த ஒட்டுத்தாளைப் படிச்சுட்டு வாங்குங்க.

வீட்டுக்கும் இதுலயே ஓட்டறேன்னு சொன்னீங்க. தெருவுல ஹெல்மெட் இருக்காது, பாருக்கும் உங்க மண்டைக்கும் இடைவெளி கொஞ்சம்தான். மெத்துனு இருக்கற நுரை உதவாது, மோதலுக்குன்னே வர்ற கெட்டியான உறை போடுங்க. ஹெல்மெட் ஸ்நெல் தரத்துல எஸ்ஏ வகை, அதாவது கார் பந்தயத்துக்கானது. மோட்டார்சைக்கிளுக்கான எம் வகையில தீ தாங்கற உள்துணி கிடையாது.

ரோல் பார் வர்ற வரைக்கும் கம்பெனி பெல்ட்டே போதும். ஆட்டோகிராஸுக்கு அது தாராளம்.

நீலஎன்பி:
புரிஞ்சுது அண்ணே. ஹார்னெஸை நிறுத்திட்டேன், ரோல் பாருக்குச் சொல்லியாச்சு.

பழைய நண்பர்களுக்குத் தகவல். காயிலோவர், முன் பார், 15x9 ரிம்ல 225/45ஆர்15 எல்லாம் போட்டு, அலைன்மென்ட்டும் முடிச்சாச்சு. முன் கேம்பர் மைனஸ் 2.8, பின் மைனஸ் 2.1. முன் டோ மொத்தம் 2 மி.மீ. வெளியே, பின் டோ பூஜ்யம். கோன் நடுவுல வண்டி வேற மாதிரி ஆயிடுச்சு. ஸ்டியரிங்கைத் திருப்ப நினைச்சாலே மூக்கு திரும்புது, உள் டயர் சுத்தறது நின்னே போச்சு. முன் டயர் இப்ப 70, 68, 66.

ட்ராக்ல மட்டும் பயமா இருக்கு. நேர்ப் பாதையில 150க்கு மேல வண்டி அலையுது. வேகமான வளைவுல ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் விட்டாலும் பின்பக்கம் சட்டுனு வெளிய வருது. பிரஷர் குளிர்ல 28 பிஎஸ்ஐ, உள்ளே வந்தப்ப 36 காட்டுச்சு.

பின்சக்கரம்:
டயர் சூடு ரொம்ப நல்லா வந்திருக்கு. ட்ராக் தொந்தரவுக்கு மூணு விஷயம்.

பிரஷர்: காத்து 20 டிகிரியிலிருந்து 70க்குப் போனாலே 28ங்கறது 35 ஆயிடும், அதனால நீங்க பாத்தது இயல்புதான். ஆனா ஓட வேண்டியது சூட்டுப் பிரஷரை வச்சு. ட்ராக்குக்கு குளிர்ல 24 பக்கம் தொடங்கி, முதல் செஷன் முடிஞ்ச உடனே 31, 32க்கு வர்ற மாதிரி காத்தை இறக்குங்க. ஆட்டோகிராஸ்ல டயர் அவ்வளவு சூடாகாது, அங்க 28 சரி.

டோ: முன்னாடி வெளி டோ, பின்னாடி பூஜ்யம், இது சுத்தமான ஆட்டோகிராஸ் அமைப்பு. குறைஞ்ச வேகத்துல வண்டி சுலபமாத் திரும்பணும்னு வைக்கறது. 150ல அதே குணம் எதிரி. பின்னாடி மொத்தம் 3 மி.மீ. உள் டோ நிரந்தரமா வச்சிடுங்க, கோன்ல அதனால போறது ரொம்பக் கொஞ்சம். முன்னாடி ட்ராக்குக்குப் பூஜ்யம், ஆட்டோகிராஸுக்கு 2 வெளியே. ரெண்டு நிலைக்கும் டை ராட்ல (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோட இணைக்கற கம்பி) பெயின்ட் கோடு போட்டு வச்சிடுங்க. ரெண்டு பக்கமும் சம அளவு திருப்பினா ஸ்டியரிங் நடுவுலயே நிக்கும், ட்ராக்ல வண்டி நிறுத்தற பேடாக்லயே முடிஞ்சிடும்.

ஷாக்: பின் ஷாக் தண்டுல ஒரு ஜிப் டை கட்டி அடியில தள்ளி வச்சுட்டு ஒரு செஷன் ஓட்டுங்க. எங்க நிக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க. வேகமான வளைவுல பின்பக்கம் சட்டுனு போறதுக்கு பம்ப் ஸ்டாப் இடிக்கறது ஒரு காரணமா இருக்கலாம். அது தொட்ட நொடியில பின் ஸ்ப்ரிங் பல மடங்கு கெட்டியான மாதிரிதான்.

நீலஎன்பி:
பிரஷரும் டோவும் நீங்க சொன்னபடி வச்சேன். அலையறது சுத்தமாப் போயிடுச்சு. பின்பக்கம் பாதிக்கு மேல அடங்கிடுச்சு, ஆனா மேட்டுல ஏறித் திரும்பற வளைவுல மட்டும் இன்னும் அதே உதறல். ஜிப் டை பின் இடது ஷாக்ல பம்ப் ஸ்டாப்புக்குள்ளயே அமுங்கி நிக்குது. வலதுல ஒரு விரல் இடைவெளி மிச்சம்.

பின்சக்கரம்:
அப்ப காரணம் தெரிஞ்சுபோச்சு. பின்பக்கம் ரெண்டையும் 8 மி.மீ. ஏத்துங்க. இடது மட்டும் இடிக்குதுன்னு அதை மட்டும் ஏத்தினா குறுக்கு எடை (எதிரெதிர் மூலைச் சக்கரங்கள் சேந்து சுமக்கற பங்கு) கெட்டுப்போகும். நாலு சக்கரத் தராசு கிடைச்சா உங்க எடையைச் சீட்ல வச்சு, ஆன்டி ரோல் பார் லிங்க்கைக் கழட்டிட்டு, குறுக்கு எடை 50 சதவீதத்துக்கு வர்ற மாதிரி திருத்துங்க. லிங்க் மாட்டியிருந்தா அது முறுக்கிக்கிட்டு தராசுல பொய் எண் காட்டும். உயரம் ஏத்தினதும் பின் கேம்பர் கொஞ்சம் குறையும், டோவும் நகர்ந்திருக்கும். அடுத்த ட்ராக் நாளுக்கு முன்னாடி நூல் கட்டி ரெண்டையும் அளந்துடுங்க.